நெல்லைச் சீமையில் பூட்டனைத் தேடுவது எப்படி?

மும்பையிலிருந்து ஒரு தங்கை கேட்டிருக்கிறார்: “மூன்று தலைமுறையாகத் தாராவியில் இருக்கிறோம். அப்பாவின் தாத்தா திருநெல்வேலியில் அம்பாசமுத்திரம் பக்கம் என்று மட்டும் தெரியும். அவருடைய பெயர் தெரியும். ‘கொல்லம் 1068 தை’ என்று தொடங்கும் ஒரு பழைய பத்திரம் வீட்டில் இருக்கிறது. ஊர்ப் பெயர் இருந்த மூலையைக் கரையான் தின்றுவிட்டது. பாளையங்கோட்டை மாவட்ட மைய நூலகத்துக்கு வந்தால் எங்கள் குடும்ப வரலாறு கிடைக்குமா? வெளிநாட்டுப் பொது நூலகங்களில் இதற்கென்றே தனிப் பிரிவு இருக்கிறதாமே?”

பொது நூலகத்தில் 30 ஆண்டுகளுக்கு மேல் பணியாற்றி ஓய்வு பெற்றவன் நான். இதே கேள்வியோடு, ஒரு பழைய தாளைச் சுருட்டிப் பிடித்தபடி வந்து நின்ற பலரைப் பார்த்திருக்கிறேன். ஆகவே விரிவாகவே சொல்கிறேன்.

உங்கள் பூட்டனாரின் பெயர் அச்சான புத்தகம் எதுவும் நூலக அலமாரியில் இருக்காது. நூலகம் உங்களுக்கு ஊரைக் கண்டுபிடித்துத் தரும். ஊர் தெரிந்துவிட்டால் அவர் பெயர் எழுதப்பட்ட பதிவேடு எந்த அலுவலகத்தில், எந்தக் கோயிலில், எந்த வீட்டுப் பரணில் இருக்கும் என்பது தெரிந்துவிடும். பெயரை வைத்து நேராகத் தேட இறங்கியவர்கள் இரண்டு மூன்று ஆண்டு அலைந்து சோர்ந்துபோனதைக் கண்ணால் பார்த்திருக்கிறேன். முதலில் ஊர், அப்புறம் நிலம் அல்லது கோயில், கடைசியில்தான் பெயர்.

வெளிநாடுகளில் நிலைமை வேறு. பிரிட்டனிலும் அமெரிக்காவிலும் பழைய மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் வீட்டுவாரித் தாள்கள் குறிப்பிட்ட காலம் கழிந்ததும் பொதுமக்கள் பார்வைக்கு வந்துவிடுகின்றன. குடும்பப் பெயரும் தலைமுறை தோறும் மாறாமல் வருகிறது. நமக்கு இந்த இரண்டும் இல்லை. நம் கணக்கெடுப்பில் தனியாள் விவரம் சட்டப்படி ரகசியம். வெளியே வருவது எண்ணிக்கை மட்டும். பெயரோ ஒரு தலைமுறைக்கு மேல் நிற்பதில்லை. அப்பா பெயர் பிள்ளைக்கு முதலெழுத்தாகிறது, அடுத்த தலைமுறையில் அதுவும் போய்விடுகிறது. ஆனால் நம்மிடம் வேறொரு வழக்கம் இருக்கிறது: தாத்தா பெயரைப் பேரனுக்கு வைப்பது. பேரன் என்ற சொல்லே பெயரைத் தாங்குகிறவன் என்பதிலிருந்துதான் வந்தது. ஆகவே உங்கள் வீட்டில் பூட்டனாரின் பெயர் வேறு யாருக்கெல்லாம் வந்திருக்கிறது என்று முதலில் பாருங்கள். ஒரே பெயர் ஒன்று விட்டு ஒரு தலைமுறையில் வந்தால், அதற்கு முன்னாலும் அப்படியே இருந்திருக்க வாய்ப்பு அதிகம். பதிவேட்டில் அந்தப் பெயர் கண்ணில் படும்போது அது பூட்டனா, பூட்டனின் தாத்தாவா என்று குழம்பாமலும் இருக்கலாம்.

அடுத்து, பெயர் எந்தச் சாமியுடையது என்று பாருங்கள். இந்தச் சீமையில் பெயர் என்பது பாதி விலாசம். காந்திமதி, வடிவு, நெல்லையப்பன் என்றால் திருநெல்வேலி. சங்கரநாராயணன், கோமதி என்றால் சங்கரன்கோவில். குழல்வாய்மொழி குற்றாலத்து அம்மன். வானமாமலை என்றால் நாங்குநேரி, நம்பி என்றால் திருக்குறுங்குடி, கள்ளபிரான் என்றால் ஸ்ரீவைகுண்டம், குழைக்காதன் என்றால் தென்திருப்பேரை மகரநெடுங்குழைக்காதர். பால்வண்ணம் என்ற பெயரைக் கேட்டால் கரிவலம்வந்தநல்லூர் நினைவுக்கு வரும். உலகம்மாள் என்றால் இரண்டு இடம் பார்க்க வேண்டும், தென்காசியிலும் அம்மன் அவள்தான், பாபநாசத்திலும் அவள்தான். இதை வைத்து உறுதியாக முடிவு கட்டிவிட முடியாது. பெண் எடுத்த ஊர்ச் சாமியின் பெயர் பிள்ளைக்கு வருவதும் உண்டு. ஆனாலும் நூறு ஊரில் தேட வேண்டியதைப் பத்து ஊராகக் குறைத்துவிடும். உங்கள் பூட்டனார் பெயரை இங்கே எழுதவில்லை. அது பாபநாசம் மலையில் உள்ள காரையாற்றுச் சொரிமுத்து அய்யனாரின் பெயர் என்பதை மட்டும் சொல்கிறேன். அம்பாசமுத்திரம் பக்கம் என்று உங்கள் வீட்டில் சொல்லிவந்ததற்கு இது நன்றாகவே பொருந்துகிறது.

இதைவிடப் பெரிய சாட்சி ஒன்று உண்டு. உங்கள் வீட்டுக்குச் சாஸ்தா எது? மும்பையில் பிறந்தவர்களுக்கு இந்தக் கேள்வி புதிதாக இருக்கலாம். திருநெல்வேலிப் பக்கத்தில் பெரும்பாலான குடும்பங்களுக்குக் குலதெய்வமாக ஒரு சாஸ்தா, அதாவது அய்யனார், உண்டு. குடும்பம் எங்கே பிழைக்கப் போனாலும் பங்குனி உத்திரத்தன்று அந்தக் கோயிலுக்குத் திரும்பி வரும். குளத்தங்கரையிலோ வயல்காட்டிலோ ஒற்றையாய் நிற்கும் கோயிலுக்கு அன்றைக்கு மட்டும் நூறு வண்டி வந்து நிற்கும். அங்கே பொங்கலிடுகிறவர்கள் எல்லாரும் ஏதோ ஒரு தலைமுறையில் பங்காளிகள். சுடலைமாடன், இசக்கியம்மன், பேச்சியம்மன் கோயில்களுக்குக் கொடை என்னும் திருவிழா நடக்கும்போதும் அப்படித்தான். கொடைக்கு வரி பிரிப்பார்கள். தலைக்கட்டு வரி என்று பெயர். மணமான ஆண் ஒருவருக்கு ஒரு தலைக்கட்டு என்று கணக்கு. அந்த வரி நோட்டில் ஒவ்வொரு தலைக்கட்டின் பெயரும் தகப்பனார் பெயரோடு இருக்கும். வெளியூர் போனவர்களின் பெயரைக்கூட அடிக்காமல் வைத்திருக்கும் ஊர்கள் உண்டு, என்றாவது வருவார்கள் என்று. எந்த அரசு அலுவலகத்திலும் இல்லாத குடும்பப் பட்டியல் இப்படி நாற்பது பக்க நோட்டில் ஒரு நாட்டாண்மை வீட்டுப் பெட்டியில் கிடக்கிறது. உங்கள் அப்பாவோ அத்தையோ சிறு வயதில் ஒரு முறையாவது சாமி கும்பிட ஊருக்கு வந்திருப்பார்கள். ரயிலை விட்டு இறங்கி எந்த பஸ் ஏறினார்கள், ஆற்றைத் தாண்டினார்களா, மலை எந்தப் பக்கம் தெரிந்தது என்று கேளுங்கள். ஊர்ப் பெயர் மறந்திருக்கும், இவை மறந்திருக்காது.

இனி உங்கள் பத்திரத்துக்கு வருகிறேன். கொல்லம் என்றதும் பூட்டனார் மலையாளக் கரைக்காரரோ என்று மயங்க வேண்டாம். கொல்லம் ஆண்டு இந்தச் சீமையிலும் நெடுங்காலம் புழங்கியது. கி.பி. 825ல் தொடங்கும் ஆண்டு அது. நம் பக்கத்தில் ஆவணி முதல் தேதி புது ஆண்டு பிறக்கும். ஆகவே ஆவணியிலிருந்து மார்கழி நடுப்பகுதி வரை 824ஐக் கூட்ட வேண்டும். ஆங்கில ஆண்டு பிறந்தபின், தையிலிருந்து ஆடி வரை 825ஐக் கூட்ட வேண்டும். உங்கள் 1068 தை என்பது 1893 ஜனவரி நடுவிலிருந்து பிப்ரவரி நடுவுக்குள். அந்த ஆண்டுக்குத் தமிழ்ப் பெயர் நந்தன. பத்திரத்தில் எங்காவது நந்தன வருஷம் என்று இருந்தால் கணக்குச் சரி. வேறு பெயர் இருந்தால் எண்ணைத் தவறாகப் படித்திருக்கிறீர்கள். பழைய தமிழ் எண்ணில் எழுதியிருந்தால் இந்தத் தவறு எளிதில் வரும். தமிழ் ஏழும் எட்டும் (௭, ௮) ‘எ’, ‘அ’ எழுத்துகளைப் போலவே இருக்கும். வரி ரசீது ஏதாவது கூட இருந்தால் அதில் பசலி ஆண்டு, அதாவது நிலவரிக் கணக்குக்கான ஆண்டு, இருக்கும். பசலி எண்ணோடு 590ஐக் கூட்டினால் அந்தப் பசலி தொடங்கிய ஆங்கில ஆண்டு வரும். 1893 தை மாதம் பசலி 1302க்குள் அடங்கும்.

தேதி சரியானதும் நான்கெல்லையைப் படியுங்கள். பழைய எழுத்தில் நான்மால் என்றும் இருக்கும். ஊர்ப் பெயர் போய்விட்டது என்று வருந்துகிறீர்கள், எல்லை வரிகள் மிச்சம் இருந்தால் அந்த வருத்தம் வேண்டாம். தாமிரபரணிப் பாசனத்தில் ஒவ்வொரு அணையின் காலும், அதாவது வாய்க்காலும், தனக்கென்று சில ஊர்களுக்குத்தான் தண்ணீர் கொண்டுபோகிறது. கோடைமேலழகியான் கால் என்றிருந்தால் பாபநாசத்தை ஒட்டிய ஊர்கள். நதியுண்ணிக் கால் என்றால் அம்பாசமுத்திரத்தைச் சுற்றிப் பார்க்க வேண்டும். கன்னடியன் கால் என்றால் ஆற்றுக்குத் தென்கரையில் கல்லிடைக்குறிச்சியிலிருந்து வீரவநல்லூர், சேரன்மகாதேவி வரை. குளத்தின் பெயர், மடையின் பெயர் கிடைத்தால் இன்னும் நெருங்கிவிடலாம். பரப்பைக் கோட்டை விதைப்பாடு, மரக்கால் விதைப்பாடு என்று எழுதியிருந்தால் அது நஞ்சை. நிலத்தை ஏக்கரில் சொல்லாமல் விதைக்கும் நெல்லளவில் சொல்வது இந்தச் சீமை வழக்கம்.

எல்லையில் வரும் ஆட்களின் பெயரைத் தனியாக எழுதி வைத்துக்கொள்ளுங்கள். ‘வடக்கே இன்னார் வயல்’ என்றிருக்கும் அந்த இன்னார் பல நேரங்களில் சொந்தப் பங்காளி. ஒரு வயலை அண்ணன் தம்பிகள் வகுந்துகொண்டால் பங்குகள் அடுத்தடுத்துத்தானே கிடக்கும்? பூட்டனாரின் தகப்பனார் பெயரைக் கண்டுபிடிக்க முடியாமல் தவித்த ஒருவர், எல்லையில் இருந்த இரண்டு பெயர்களைப் பிடித்துக்கொண்டு போய் மூன்றே மாதத்தில் முழுக் கிளையையும் வரைந்துவிட்டார். நான் அருகில் இருந்து பார்த்தேன்.

இந்த விவரங்களை ஒரு தாளில் எழுதிக்கொண்டு நூலகத்துக்கு வாருங்கள். இப்போதுதான் நூலகம் பயன்படும். குறிப்புதவிப் பிரிவுக்குப் போய் நூலகரிடம் கேளுங்கள். இந்த வகை நூல்களை வீட்டுக்குத் தர மாட்டார்கள், அங்கேயே உட்கார்ந்து படிக்க வேண்டும். தயங்காமல் கேளுங்கள், 1948ஆம் ஆண்டின் பொது நூலகச் சட்டம் வந்த நாளிலிருந்து மக்கள் வீட்டு வரியோடு நூலக வரியும் செலுத்தித்தான் இந்த நூலகங்கள் நடக்கின்றன.

கேட்க வேண்டிய முதல் நூல் எச்.ஆர். பேட் தொகுத்து 1917ல் வெளியான திருநெல்வேலி மாவட்ட கெசட்டியர், அதாவது மாவட்ட விவரத் தொகுப்பு. ஆங்கிலத்தில் உள்ளது. முழுவதும் படிக்க வேண்டியதில்லை. பாசனம் பற்றிய பகுதியையும், கடைசியில் தாலுகா வாரியாக ஊர்களைச் சொல்லும் பகுதியில் அம்பாசமுத்திரத்தையும் படித்தால் போதும். ஸ்டூவர்ட்டின் 1879ஆம் ஆண்டு மாவட்டக் கையேடு அதற்கும் முந்தியது. உங்கள் பூட்டனார் பிள்ளையாக இருந்த காலத்து நிலைமை அதில் கிடைக்கும். கால்டுவெல் 1881ல் வெளியிட்ட திருநெல்வேலி வரலாறு 1801ல் இந்தச் சீமை கிழக்கிந்தியக் கும்பெனியார் கைக்குப் போனதோடு நின்றுவிடுகிறது. பாளையப்பட்டுக் குடும்பங்களுக்கு அது உதவும், உங்களுக்கு அவ்வளவாக உதவாது. இவை கைக்குக் கிடைக்காவிட்டால் தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்திலும் இன்டர்நெட் ஆர்க்கைவிலும் தேடுங்கள். தேடும்போது திருநெல்வேலியை டின்னவெலி என்றும், பாளையங்கோட்டையைப் பாளம்கோட்டா என்றும், தூத்துக்குடியை டூட்டிகோரின் என்றும் வெள்ளைக்காரர் எழுதிய எழுத்தில் தேட வேண்டும். இதைச் சொல்லாமல் விட்டதால் ஒன்றுமே இல்லை என்று திரும்பிப் போனவர்கள் உண்டு.

அதன்பின் மாவட்ட மக்கள்தொகைக் கணக்கெடுப்புக் கையேடுகளைக் கேளுங்கள். ஆட்பெயர் இல்லையென்றாலும் தாலுகாவில் உள்ள எல்லா வருவாய்க் கிராமங்களும் வரிசையாக இருக்கும். கரையான் மிச்சம் வைத்த இரண்டு எழுத்தை வைத்துக்கொண்டு அந்தப் பட்டியலில் விரலோட்டிப் பாருங்கள். ஒன்றை மட்டும் நினைவில் வையுங்கள்: குடும்பம் சொல்லும் ஊரும் பத்திரம் சொல்லும் ஊரும் ஒன்றாக இருக்காது. பத்திரத்தில் வருவாய்க் கிராமம் இருக்கும். பாட்டி சொல்லும் பெயர் அதன் உட்கடையாக உள்ள சின்னக் குடியிருப்பாக இருக்கும்.

மாவட்ட எல்லையும் மாறியிருக்கிறது. 1910ல் இராமநாதபுரம் மாவட்டம் உண்டானபோது சாத்தூரும் ஸ்ரீவில்லிபுத்தூரும் இங்கிருந்து போயின. செங்கோட்டை 1956 நவம்பர் வரை திருவிதாங்கூர் பக்கம் இருந்தது. அதற்கு முந்தைய காகிதங்களைக் கேரளத்தில் தேட வேண்டும். தூத்துக்குடி 1986லும் தென்காசி 2019லும் தனி மாவட்டங்களாயின. எந்தக் காகிதத்தை எங்கே கேட்பது என்பதை அந்தக் காகிதத்தின் ஆண்டுதான் தீர்மானிக்கும்.

அலமாரியில் முறையாகப் பட்டியலிடாத ஒரு வகையும் உண்டு. அதன்மேல் எனக்குத் தனிப் பிரியம். கோயில் கும்பாபிஷேக மலர், பள்ளி நூற்றாண்டு மலர், வணிகர் சங்க மலர், சஷ்டியப்தபூர்த்தி மலர். இவற்றை யாரும் ஆராய்ச்சி நூலாக மதிப்பதில்லை, மூட்டை கட்டிப் போட்டுவிடுகிறார்கள். ஆனால் உபயதாரர் பட்டியலில் பெயர், தகப்பனார் பெயர், பூர்வீக ஊர், இப்போது இருக்கும் ஊர் எல்லாம் இருக்கும். மும்பையிலிருந்து பணம் அனுப்பியவர்களின் பட்டியல் தனியாகவே இருக்கும். உங்கள் பெரியப்பா, சித்தப்பா பெயர் அங்கே இருந்தாலும் வியப்பில்லை.

ஊர் முடிவானதும் சார்பதிவாளர் அலுவலகம். பத்திரத்தின் பின்பக்கத்தைப் பார்த்தீர்களா? முன்பக்கத்தைத்தான் எல்லாரும் படிக்கிறார்கள். பதிவு செய்த பத்திரமாக இருந்தால் பின்னால் முத்திரையோடு ‘1 புத்தகம், இத்தனையாவது வால்யூம், இந்தப் பக்கம், இந்த நம்பர்’ என்று எழுதியிருக்கும். முதல் புத்தகம் என்பது நிலம், வீடு போன்ற அசையாச் சொத்துப் பத்திரங்களின் நகல் புத்தகம். அந்த எண் கிடைத்தால் கரையான் தின்ற மூலையும் சேர்த்து முழு நகல் வாங்கிவிடலாம். எண் இல்லாவிட்டாலும் அட்டவணை இரண்டு உண்டு, ஒன்று ஆள் பெயர் வரிசையில், மற்றொன்று ஊரும் சொத்தும் சொல்லும் வரிசையில். உங்களைப் போன்றவர்கள் இரண்டாவதில் தொடங்குங்கள். ஒரே பெயரில் நாற்பது பேர் இருக்கும் சீமை இது.

1908ஆம் ஆண்டுப் பதிவுச் சட்டத்தின் 57ஆம் பிரிவு, முதல் புத்தகத்தையும் அதன் அட்டவணையையும் கட்டணம் செலுத்தி எவரும் பார்க்கலாம் என்கிறது. உயில்கள் மூன்றாம் புத்தகத்தில் இருக்கும். எழுதியவர் உயிரோடு இருக்கும்வரை பிறர் நகல் கேட்க முடியாது, இறந்தபின் கேட்கலாம். ஓர் அலுவலகத்தில் பழைய புத்தகமெல்லாம் எடுக்க முடியாது என்று என்னையே ஒரு வரியில் திருப்பி அனுப்பினார்கள். அடுத்த வாரம் பிரிவு எண்ணைக் குறிப்பிட்டு மனுவாக எழுதிக்கொண்டு போனேன், எடுத்துக் கொடுத்தார்கள். ஆகவே வாயால் கேட்காதீர்கள், எழுதிக் கொடுங்கள். இணையத்தில் வில்லங்கம் பார்க்கும் வசதி 1975க்குப் பிந்தைய பதிவுகளுக்குத்தான் பெரும்பாலும் உதவும். உங்களுடையது நேரில் போய்த் தூசி தட்ட வேண்டிய வேலை.

அங்கே கிரையப் பத்திரத்தைவிடப் பாகப்பிரிவினைப் பத்திரத்தைத் தேடுங்கள். ஒரு குடும்பம் தன்னைப் பற்றித் தானே எழுதிவைக்கும் ஒரே காகிதம் அது. தகப்பனார் எப்போது இறந்தார், எத்தனை பிள்ளைகள், மூத்தவன் யார், இறந்துபோன தம்பியின் மைனர் மக்கள் யார், விதவைத் தாய்க்கு எத்தனை கோட்டை நெல் என்று எல்லாம் வரும். மூன்று தலைமுறை ஒரே பத்திரத்தில் நிற்பதைப் பலமுறை கண்டிருக்கிறேன்.

சர்வே எண் கிடைத்தால் கிராம நிர்வாக அலுவலரிடம் ‘அ’ பதிவேடு கேளுங்கள். பழைய எண்ணும் புது எண்ணும் அதில் அருகருகே இருக்கும். இதைவிடப் பழையது வேண்டுமானால் சிக்கல். 1980ல் கர்ணம் (கிராமக் கணக்கர்), முன்சீப் பதவிகள் ஒழிக்கப்பட்டபோது, பரம்பரையாக அந்த வீடுகளில் இருந்த கணக்குகள் எல்லாமே அரசு கைக்கு வந்துசேரவில்லை. ஊரில் பழைய கர்ணம் வீடு எது என்று விசாரித்து, மரியாதையோடு போய்க் கேளுங்கள். சென்னை எழும்பூரில் உள்ள தமிழ்நாடு ஆவணக் காப்பகத்தில் திருநெல்வேலி மாவட்டப் பதிவுகள் இருக்கின்றன. ஆனால் அங்கே போவதைக் கடைசியாக வைத்துக்கொள்ளுங்கள். எந்த ஆண்டு, எந்த ஊர் என்று தெரியாமல் போனால் கடலில் ஊசி தேடுவதுதான்.

இதுவரை சொன்னதெல்லாம் நிலம் வைத்திருந்தவர்களுக்கு, அதிலும் ஆண்களுக்கு. நிலமே இல்லாமல் உழைத்த குடும்பங்கள் பத்திர அலுவலகத்தில் தங்கள் பெயரைப் பார்க்க முடியாது. இந்த அநியாயத்தை நினைத்து வருந்தியிருக்கிறேன். பிறகு வேறு வழிகளைத் தேடத் தொடங்கினேன். பள்ளிச் சேர்க்கைப் பதிவேடு ஒரு வழி. பிள்ளையின் பெயர், தகப்பன் பெயர், தொழில், ஊர், முன்பு படித்த பள்ளி எல்லாம் அதில் இருக்கும். 1892ல் தாழ்த்தப்பட்ட மக்களுக்கு ஒதுக்கத் தொடங்கிய பஞ்சமி நிலங்களின் பதிவுகள் இன்னொரு வழி. கிறிஸ்தவக் குடும்பங்களாக இருந்தால் ஞானஸ்நானப் பதிவேடு. பெண்களின் பெயர்களுக்கு மொய் நோட்டும் சீர்வரிசைப் பட்டியும் நல்ல சாட்சிகள். ‘இன்னார் மகள், இன்ன ஊரில் வாழ்க்கைப்பட்டவள்’ என்று மொய் எழுதும் கணக்கப்பிள்ளை எழுதிவைத்த ஒரு வரி, ஒரு பூட்டியின் பிறந்த ஊரைக் காட்டிக் கொடுத்தது. அவள் பெயர் வேறு எந்தக் காகிதத்திலும் இல்லை.

பழைய பதிவுகளில் சாதிப் பெயர்கள் அந்தக் காலத்து வசைச் சொற்களோடே வரும். அதற்கு மனத்தைத் தயார் செய்துகொண்டு போங்கள். அது எழுதியவனின் இழிவு, எழுதப்பட்டவருடையது அல்ல. நூலக அலமாரியில் சாதி வரலாற்று நூல்களும் நிறைய இருக்கும். நம் குலம் இன்ன அரச மரபு என்று ஒவ்வொன்றும் சொல்லும். பின்னிணைப்பில் உள்ள ஊர்ப் பட்டியலுக்கும் கோயில் பட்டியலுக்கும் அவற்றைப் புரட்டலாம். வம்சாவளியாக எடுத்துக்கொள்ள வேண்டாம். ஓர் அரசனுக்கும் உங்கள் பூட்டனுக்கும் நடுவே உள்ள இருபது தலைமுறையின் பெயர்களை அந்தப் புத்தகங்கள் தருவதில்லை. கோயில் கல்வெட்டுகளும் அப்படித்தான். ஊர்ப் பெயரின் பழமையை அறிய அவை அருமையானவை, நம் போன்ற குடும்பங்களின் கிளையை அறிய உதவுவது மிக அரிது.

கிறிஸ்தவர்கள் இந்தத் தேடலில் கொடுத்து வைத்தவர்கள். பாளையங்கோட்டையில் 1780லேயே சபையார் 40 பேரின் பட்டியல் எழுதப்பட்டிருக்கிறது. அந்தச் சபையைத் தொடங்கிய குளோரிந்தா அம்மையார் காலத்துப் பட்டியல் அது. முதலூர், நாசரேத், மெஞ்ஞானபுரம், சாயர்புரம், இடையன்குடி போன்ற ஊர்களில் சேகர குருவானவரிடம் எழுத்து மூலம் கேட்டால் ஞானஸ்நான, திருமண, அடக்கப் பதிவேடுகளில் பார்த்துச் சொல்வார்கள். கத்தோலிக்கர் என்றால் பங்குத்தந்தையிடம் போக வேண்டும். முத்துக்குளித்துறைப் பரதவ ஊர்களிலும் காமநாயக்கன்பட்டி, வடக்கன்குளம் போன்ற பழைய பங்குகளிலும் கிறிஸ்தவம் இன்னும் மூத்தது. அங்கே பழைய பதிவுகளைப் படிக்க லத்தீனோ போர்த்துக்கீசியமோ தெரிந்தவர் துணை வேண்டியிருக்கும். மேலப்பாளையம், கடையநல்லூர், காயல்பட்டினம் போன்ற ஊர்களின் முஸ்லிம் குடும்பங்களுக்கு ஜமாஅத்தின் நிகாஹ் பதிவேடுகள் உண்டு. பழைய குறிப்புகள் அரபுத்தமிழில் இருக்கலாம்: எழுத்து அரபு, மொழி தமிழ். ஊர்ப் பெரியவர் ஒருவர் வாய்விட்டுப் படித்தால் நமக்குப் புரிந்துவிடும்.

இதைப் படிக்கும் மற்றவர்களுக்காகக் கடல் கடந்தவர்களைப் பற்றியும் இரண்டு வரி. 1860க்கும் 1911க்கும் இடையில் தென்னாப்பிரிக்காவின் நேட்டாலுக்கு ஒப்பந்தக் கூலிகளாகக் கப்பலேறியவர்களின் பட்டியலில் பெயர், தகப்பன் பெயர், வயது, சாதி, ஜில்லா, தாலுகா, கிராமம், உடலில் உள்ள மச்சம், தழும்பு வரை இருக்கிறது. ஊரில் இருந்தவரைவிட ஊரைவிட்டுப் போனவரைப் பற்றித்தான் அரசு அதிகம் எழுதிவைத்தது. பிஜிக்குச் சென்னையிலிருந்து 1903 முதல் போனவர்களுக்கும் இப்படிக் குடிப்பெயர்வுச் சீட்டு உண்டு. இலங்கைத் தோட்டங்களிலிருந்து 1964 இந்திய-இலங்கை ஒப்பந்தத்துக்குப் பின் தாயகம் திரும்பியவர்கள் தங்கள் குடும்ப அட்டையை எறிந்துவிடாதீர்கள். பூர்வீக ஊருக்குச் சாட்சியாக அது ஒன்றே மிஞ்சியிருக்கக்கூடும்.

தங்கையே, ஒரு விஷயத்தில் மட்டும் அவசரப்படச் சொல்வேன். 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் பெய்த பெருமழையில் தாமிரபரணி கரை புரண்டது. ஆற்றங்கரை ஊர்களில் நனைந்த பத்திரங்களையும் நோட்டுகளையும் தெருவில் விரித்துக் காயவைத்தவர்களைப் பார்த்தேன். மை கரைந்து வெறும் தாளாகிப்போன ஏடுகளை ஓர் அம்மா மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். எங்கள் சீமையில் ஏடு தேடி உ.வே. சாமிநாதையர் திருநெல்வேலி, ஸ்ரீவைகுண்டம், ஆழ்வார்திருநகரி என்று கவிராயர் வீடுவீடாக ஏறி இறங்கியது நினைவுக்கு வந்தது. அன்று கிடைத்தவை அச்சேறிப் பிழைத்தன. நம் வீட்டுக் காகிதங்களுக்கு அச்சு வேண்டாம். கைபேசியில் ஒரு படம் போதும். உங்கள் வீட்டிலும், போகும் ஊரில் யார் வீட்டிலும், முதலில் படம் எடுத்துவிட்டுப் பிறகு படியுங்கள். வயதானவர்கள் பேசுவதையும் அப்படியே ஒலிப்பதிவு செய்துகொள்ளுங்கள்.

நீங்கள் வருவதாக இருந்தால் ஆடி அமாவாசையை ஒட்டி வாருங்கள். சொரிமுத்து அய்யனார் கோயிலுக்கு அப்போது நாலா ஊரிலிருந்தும் குடும்பம் குடும்பமாக வந்து காட்டில் குடில் போட்டுத் தங்குவார்கள். உங்கள் பூட்டனார் பெயரைக் கொண்டவர்கள் அங்கே பலர் இருப்பார்கள். எந்த ஊர்க்காரர் எந்தப் பக்கம் தங்குவது என்பதுகூடப் பழக்கத்தில் உள்ளது, விசாரிக்கலாம். அதற்கு முன்னால் இன்றைக்கே இரண்டு வேலை செய்யுங்கள். பத்திரத்தின் பின்பக்கத்தைப் பகல் வெளிச்சத்தில் படம் எடுத்து அனுப்புங்கள், முத்திரையும் கையெழுத்தும் தெரிய வேண்டும். உங்கள் அத்தை இருக்கிறார் என்றால், சிறு வயதில் ஊருக்குப் போனபோது எந்தக் காலில் குளித்தார் என்று கேட்டு எழுதுங்கள்.